டிசி கணக்குக்கு மட்டும் ஒரு சாஃப்ட்வேர்

கோயம்புத்தூர் கணபதியில் எங்களுடையது சின்னப் பட்டறை. ராடு வெட்டி பம்ப் ஷாஃப்ட் கடைகிறோம். ஹார்டனிங், கிரைண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். பில்லும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் டேலி என்ற அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரில் ஒழுங்காகவே ஓடின. தலைவலி டிசி புக்கில்தான், அதாவது சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான் புத்தகத்தில். எந்தச் சரக்கு யாரிடம் நிற்கிறது என்று பார்ட்டி போனில் கேட்டால், புத்தகம் புத்தகமாகப் புரட்ட வேண்டும்.

கம்பெனியின் எல்லா வேலையையும் ஒன்றாகப் பார்க்கும் ரெடிமேட் ஈஆர்பி சாஃப்ட்வேர் டெமோவும் பார்த்தோம். மெனுவுக்குக் குறைவில்லை, நமக்கு வேண்டியதுதான் இல்லை. தெரிந்த தம்பி ஒருவரைத் தனியாக எழுதித் தரச் சொன்னோம்.

அவர் முதலில் காட்டிய ஸ்கிரீனில் போனதற்கு ஒரு டிசி, வந்ததற்கு ஒரு டிசி. ஆபீஸ் பார்க்கும் அக்கா கேட்டார்: "ஏனுங்க தம்பி, 500 போயி 320 வந்து, அதுலயும் நாலு ரிஜெக்ட் ஆனா எங்கீங்க போடறது?" புரோகிராமே அங்கிருந்து மாறியது. இப்போது ஒரு டிசிக்குக் கீழே எத்தனை தடவை வேண்டுமானாலும் வரவு வைக்கலாம். ரிஜெக்டும் பாக்கியும் தனித்தனியே நிற்கும்.

அடுத்த இழுபறி எடை. ராடு கிலோவில் வருகிறது, ஷாஃப்ட் எண்ணிக்கையில் போகிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 எம்எம் ராடுக்கு 3.86. இரும்புக்கடைக் கணக்கு அது, அதையே உள்ளே வைத்தோம். வெட்டு நீளத்தோடு பிளேடு தின்னும் தடிமனையும் சேர்க்கச் சொன்னவர் சூப்பர்வைசர் அண்ணன். அதைச் சேர்த்த பிறகுதான் ஸ்டாக் ஒட்டி வந்தது.

ஜாப் ஒர்க்குக்குப் போன மெட்டீரியல் ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாக வைத்து வரி, வட்டி இரண்டும் கேட்பார்கள். அதனால் ஒன்பது மாதம் தாண்டிய பாக்கி சிவப்பில் வரும். டர்ன்ஓவர் 5 கோடிக்குள் என்பதால், ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஐடிசி-04 எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் 25-க்குள். அதற்கான எக்செல்லும் இதிலிருந்தே இறங்கிவிடுகிறது.

பழைய டிசி எதையும் ஏற்றவில்லை. ஏப்ரல் 1 அன்று பாக்கி நின்றவை மட்டும். சோர்ஸ் கோடு எங்களிடம் இருக்கவேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிட்டோம். அக்கவுண்ட்ஸையும் எழுதித் தருகிறேன் என்றார் தம்பி, வேண்டாம் என்றேன். ஜிஎஸ்டி விதி மாறும்போதெல்லாம் அவர் பின்னால் ஓட முடியாது, டேலி போதும்.

பீஸ் ரேட் கூலி இன்னும் நோட்டில்தான். மெஷினைச் செட்டிங் செய்யும் நேரத்துக்கு எவ்வளவு என்று ஆப்பரேட்டர்களோடு பேசி முடிக்காமல் அதை ஏற்ற முடியாது.