360360: ஒரே எண்ணை வைத்து எண்ணியல் படிப்பது எப்படி

எண்ணியலுக்கு நூறு கணக்கை மேலோட்டமாகப் போடுவதைவிட, ஓர் எண்ணை எடுத்துக் கடைசிவரை பிழிந்துவிடுவது மேல். அதற்கு 360360 தோதான எண்.

பார்த்ததும் 2-ஆல் வகுக்கத் தொடங்காதீர்கள். 360 இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இது 360 × 1001. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 1001 என்பது 2, 3, 5 எதிலும் வகுபடாததால் அதைப் பகா எண் என்று எடுத்துக்கொண்டு, காரணிகளின் எண்ணிக்கை 4 × 3 × 2 × 2 = 48 என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் 1001 = 7 × 11 × 13. இதை மனப்பாடமே செய்துவிடலாம். ஆறு இலக்கக் கணக்குகளில் அடிக்கடி கைகொடுக்கும். எனவே

360360 = 2³ × 3² × 5 × 7 × 11 × 13

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 × 2 × 2 × 2 = 192 காரணிகள். அடுத்த கேள்வி, இதில் இரட்டைப்படை எத்தனை? பாதி என்று 96 போட்டால் தவறு. 2-ஐ அடியோடு விட்டுவிட்டு ஒற்றைப்படைக் காரணிகளை எண்ணுங்கள்: 3 × 2 × 2 × 2 × 2 = 48. மிச்சம் 144 இரட்டைப்படை. முழு வர்க்கமாக உள்ள காரணிகள் நாலே நாலு: 1, 4, 9, 36. அடுக்கு 1 மட்டும் உள்ள பகா எண்கள் இதில் நுழையவே முடியாது.

360360-ஐ முழு வர்க்கமாக்கக் குறைந்தபட்சம் எதனால் பெருக்க வேண்டும்? ஒற்றைப்படை அடுக்கு உள்ளவற்றில் ஒவ்வொன்று: 2 × 5 × 7 × 11 × 13 = 10010. பெருக்கினால் 60060-இன் வர்க்கம் வரும். வகுத்து வர்க்கமாக்கச் சொன்னாலும் அதே 10010தான். அப்போது கிடைப்பது 36.

காரணிகளின் கூடுதலுக்கு, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1-இல் தொடங்கி அதன் அடுக்கு வரையுள்ள மடிகளைக் கூட்டி, அந்தக் கூடுதல்களைப் பெருக்குங்கள்: 15 × 13 × 6 × 8 × 12 × 14 = 15,72,480. முதலில் உள்ள 15 என்பது 1 + 2 + 4 + 8. அந்த 1-ஐ விட்டுவிட்டு 14 என்று எழுதுவது வழக்கமான பிழை. சந்தேகம் வந்தால் 6-ஐ வைத்து முறையைச் சோதியுங்கள்: 3 × 4 = 12, அதாவது 1 + 2 + 3 + 6.

இந்த எண்ணைவிடச் சிறிய சார்பகா எண்கள், அதாவது இதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை, 69,120. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதனால் வகுத்து, அதைவிட 1 குறைந்த எண்ணால் பெருக்க வேண்டும். பெருக்கிவிட்டு வகுக்காமல், வகுத்துவிட்டுப் பெருக்குங்கள்: 180180, 120120, 96096, 82368, 74880, 69120. 2³ இருப்பதால் மூன்று முறை பாதியாக்கக் கூடாது, ஒரு முறைதான்.

1 முதல் 15 வரையுள்ள எண்களின் மீ.சி.ம.வும் (மீச்சிறு பொது மடங்கு) 360360தான். 16-ஐச் சேர்த்தால் இன்னொரு 2 தேவை, 720720 ஆகும். இதிலிருந்து வரும் கேள்வி: 2 முதல் 15 வரை எதனால் வகுத்தாலும், மீதி அந்த வகுக்கும் எண்ணைவிட 1 குறைவாக வரும் மிகச்சிறிய எண் எது? விடை 360359. 15 வரை எதிலும் வகுபடவில்லை என்பதால் அதைப் பகா எண் என்று சொல்லிவிடாதீர்கள். வர்க்கமூலம் 600-ஐத் தாண்டுகிறது. 599 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தாக வேண்டும். 173-இல் மாட்டிக்கொள்ளும்: 173 × 2083.