வைசாக்ல சைக்கிள் லூப்: மலை முதல்ல, கடல் அப்புறம்

முதல்ல அந்த ஆட்டோக்காரர் கதைய சொல்லி முடிச்சிடறேன், இல்லன்னா எரிச்சல் போகாது. வைசாக் (விசாகப்பட்டினம்) ஸ்டேஷன்லேந்து ஆர்.கே. பீச் ரொம்ப தூரமே இல்ல, சைக்கிள் பெட்டியப் பாத்ததும் 800 ரூபான்னாரு, பெட்டிக்கும் ஒரு ஆள் கணக்காம்! தெரிஞ்ச அரைகுறை தெலுங்குல சண்ட போட்டு 500க்கு வந்தோம். அந்தக் காசுல ரெண்டு வேளை நல்லா சாப்டிருக்கலாம். நீங்க போனா ஸ்டேஷன் வாசல்லயே பெட்டியப் பிரிச்சு, சக்கரத்த மாட்டி ஓட்டிட்டே போயிடுங்க.

சரி, ரூட்டு. ஆர்.கே. பீச், சிம்மாசலம், அனந்தபுரம், வடக்க கடலோரத்துல இருக்கற பீமிலி, அங்கேந்து பீச் ரோடு புடிச்சு திரும்ப சிட்டி. மொத்தம் 80 கிலோமீட்டர் பக்கம் வரும். நெறய பேரு பீமிலிக்கு முதல்ல போயிட்டு மத்தியான வெயில்ல சிம்மாசலம் ஏறுறாங்க, ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறோம், அதனால பீமிலிலேந்து தெக்க வந்தாதான் கடல் நம்ம கைப்பக்கம் இருக்கும், போட்டோ எடுக்க ரோட்ட கிராஸ் பண்ண வேண்டியதில்ல. டிசம்பர், ஜனவரில காத்து வடகிழக்குலேந்து அடிக்கறதால அதுவும் முதுகுல தள்ளிவிடும். கோடையில போனா காத்து திசை மாறி மூஞ்சில அடிக்கும், அப்ப நான் பொறுப்பில்ல.

நரசிம்மர் கோயில் இருக்கற சிம்மாசலம் மலை சுமார் 300 மீட்டர். உயரம் கேக்க சின்னதாதான் இருக்கு, ஆனா போன் ஆப்ல காட்டுற சராசரி ஏத்தத்த நம்பாதீங்க, நடுவுல கொஞ்சம் சமதளம் வந்தாலே சராசரி குறைஞ்சிடும், காலுக்குத் தெரியறது அந்த செங்குத்தான வளைவுங்க மட்டும்தான். கியர்ல முன்னாடி 34 பல், பின்னாடி 32 இருந்தா உக்காந்துட்டே ஏறலாம். விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடுங்க, கோயில் வண்டிங்க வர ஆரம்பிச்சா இறங்கும்போது பிரேக்க விடவே முடியாது. அட்சய திருதியை அன்னிக்கு மட்டும் அந்தப் பக்கமே சைக்கிள எடுக்காதீங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சந்தனக்காப்பு இல்லாம சாமியப் பாக்க முடியும், கூட்டம் அப்படி இருக்கும்.

இறங்கினதும் ரோட்டோரக் கடையில பெசரட்டு (பச்சைப்பயறு தோசை), உள்ள உப்புமா வெச்சு, கூட இஞ்சி சட்னி. அய்யோ அந்த சட்னி! காரமும் இனிப்பும் சேந்து மூக்கு வரைக்கும் ஏறுது, ரெண்டு தின்னுட்டு மூணாவதுக்கு பர்ஸ எட்டிப் பாத்துட்டு அதையும் சொல்லிட்டேன். ஆட்டோல போன காசுக்கு இதுதான் ஆறுதல்.

அனந்தபுரம் வரைக்கும் லாரி, தூசி, விடுங்க.

பீமிலில கோஸ்தனி ஆறு கடல்ல சேர்ற இடம், பழைய டச்சு கல்லறை ரெண்டையும் பாத்துட்டு கெளம்பினா எர்ரமட்டி திப்பலுன்னு செம்மண் மேடுங்க வரும், நிறுத்தாம போயிடாதீங்க. பீச் ரோடுன்னா சமதளம்னு நெனச்சா ருஷிகொண்டா பக்கம் ரோடு மேலயும் கீழயுமா போகும். கால்ல தெம்பு இருந்தா தொட்லகொண்டா 128 மீட்டர், மேல புத்த மடாலத்தோட இடிபாடு, கடல் முழுசாத் தெரியும். அதுக்கப்புறமும் ஆசை அடங்கலன்னா சிட்டி ஓரத்துல கைலாசகிரி 173 மீட்டர். நான் கைலாசகிரிக்கு ரோப்கார்ல போனேன், கூச்சமே இல்ல.

யாராடா பீச்சுக்குப் போற ஏத்தத்த இதுல சேக்கல, அது தெக்க துறைமுகத்துக்கு அந்தாண்ட இருக்கு. அதுக்கு தனியா ஒரு காலை ஒதுக்குங்க.