சத்தேக் குச்சியில் ஊட்டி வளர்த்த ஓட்டுக் கணவாய்

முதலில் முட்டையாகத்தான் வாங்கினேன். கறுப்புத் திராட்சைக் கொத்து மாதிரி ஆறு முட்டைகள். செபியா பாண்டென்சிஸ் என்ற குட்டை ஓட்டுக் கணவாய் இனம். முழுதாக வளர்ந்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

தொட்டியை மூன்று மாதத்துக்கு முன்பே தயார் செய்திருந்தேன். சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் மதிய வெயிலுக்குத் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும், அதனால் சில்லர் என்ற குளிர்விப்பான் வைத்து 25-இல் நிறுத்தினேன். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி உண்டு, அதனால் வடிகட்டிச் சுத்திகரித்த ஆர்.ஓ. நீரில்தான் கடல் உப்பைக் கலந்தேன். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு சொட்டுகூட அந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது. கணவாயின் நீல ரத்தத்திலேயே செம்புதான் இருக்கிறது, ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு அதைக் கொன்றுவிடும்.

ஐந்து குஞ்சுகள் பொரித்தன, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நான் செய்த தவறு இங்கேதான். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் உயிரிகளைப் போட்டேன். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு போய்விட்டன. அப்புறம், கடல்மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் உயிருள்ள மைசிட் இறால் கொண்டுவந்து தந்தார். அதைப் போட்டதும் ஒரு குஞ்சு முன்கைகள் இரண்டைத் தூக்கி, அசையாமல் நின்று, கண்ணிமைக்கும் நேரத்தில் இரு நீண்ட பற்றுக்கைகளை நீட்டி இறாலை இழுத்துக்கொண்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடினமான கட்டம் அதற்குப் பிறகுதான்: செத்த இறாலுக்குப் பழக்குவது. உயிர் இறாலுக்கே தினமும் அலைய முடியாது. தேக்கா சந்தையில் வாங்கிய இறாலைச் சிறு துண்டாக நறுக்கி, இறைச்சி குத்திச் சுடும் சத்தேக் குச்சியின் நுனியில் குத்தி, ஒரு குஞ்சின் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். அது மிரண்டு மையைக் கக்கியது. "சின்னப் பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி மெதுவா காட்டு, தம்பி. நீ அவசரப்பட்டா அது எப்படிச் சாப்பிடும்?" என்றார் அம்மா. குச்சியைத் தரையோடு ஒட்டி, இறால் நகர்வதுபோல் விட்டுவிட்டு நகர்த்தினேன். பதினோராம் நாள் பிடித்தது. மற்ற இரண்டும் அடுத்தடுத்துப் பழகிக்கொண்டன.

மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். கணவாய் நிறையத் தின்னும், அதே அளவுக்குக் கழிவும் விடும், அம்மோனியா ஏறிவிடும். நான் வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினேன்.

இவற்றின் ஆயுளே ஏறத்தாழ ஓராண்டுதான். கடைசியாக இருந்தது, முடிவில் குறி தவறத் தொடங்கியது. துண்டை வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் ஓடு என் மேசையில் இருக்கிறது. அடுத்த முட்டைகளுக்கு முன்பாக, மைசிட்டுக்கென்றே தனித் தொட்டி ஒன்றை இந்த வாரம் ஓட விட்டிருக்கிறேன்.