ரசிகர்களைப் பேச அழைக்கும் அரங்கத் தலைவர்களுக்கு

கலையரங்கம் ஒன்றுக்குப் புதிதாகத் தலைமையேற்பவர் எவரும் ரசிகர்களை மனம்விட்டுப் பேச வருமாறு அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த அழைப்பை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் அது உண்மையான அழைப்பா என்பது முதலாண்டின் உற்சாகத்தில் தெரிவதில்லை. தலைவர் ஆசையாசையாய் மேடையேற்றிய ஒன்றை ரசிகர்கள் ஏற்க மறுக்கும் நாளில்தான் தெரிகிறது. ஓபரா எனப்படும் மேலைநாட்டு இசை நாடகங்களை மேடையேற்றும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், பீட்டர் கெல்ப் பொது மேலாளராக வந்தபின் நடந்தவை இதற்கு நல்ல சான்று.

கெல்ப் 2006இல் பொறுப்பேற்றார். அவருக்கு முன்பிருந்த ஜோசப் வோல்பி, அதே நிறுவனத்தில் தச்சுத் தொழில் பழகுநராக நுழைந்து தலைமைக்கு உயர்ந்தவர். கெல்பும் இளவயதில் அங்கே பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தவர்தான். ஏறத்தாழ 3,800 பேர் அமரும் அந்த அரங்குக்கு இளைய தலைமுறை வரவேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆகவே ‘மடாமா பட்டர்ஃப்ளை’ என்ற ஓபராவின் இறுதி ஒத்திகையைப் பொதுமக்கள் கட்டணமின்றிப் பார்க்க வழிசெய்தார். 2006 செப்டம்பர் 25 அன்று நடந்த அதன் தொடக்க நிகழ்ச்சி, டைம்ஸ் சதுக்கத்தின் பெருந்திரைகளில் தெருவில் நின்றவர்களுக்கும் காட்டப்பட்டது. அந்த நிகழ்ச்சிப் பருவத்திலேயே, புரவலர் ஒருவரின் நன்கொடையால், 100 டாலர் இருக்கைகள் சில அன்றன்றைக்கு 20 டாலருக்குக் கிடைத்தன. டிசம்பர் 30 முதல் திரையரங்குகளில் நேரடி ஒளிபரப்பும் தொடங்கியது. அந்த ஒளிபரப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இடைவேளைதான்: பாடி முடித்து வந்த பாடகர் வேர்வை உலராமல் ஒலிவாங்கி முன் நிற்பார், அவருக்குப் பின்னால் மேடைப் பணியாளர்கள் ஒரு மாளிகையையே கழற்றி நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

கதவு திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவரை பேசியது அரங்கம் மட்டுமே. ரசிகர்கள் பேசியது 2009 செப்டம்பர் 21 அன்று.

அன்று லூக் போண்டி இயக்கிய, ‘டோஸ்கா’ ஓபராவின் புதிய தயாரிப்போடு பருவம் தொடங்கியது. அதற்குமுன் 1985 முதல் அங்கே நிகழ்ந்துவந்தது, ரோமாபுரித் தேவாலயத்தைக் கண்முன் நிறுத்திய இயக்குநர் ஜெஃபிரெல்லியின் தயாரிப்பு. இரண்டாம் அங்கத்தின் இறுதியில், தான் கொன்றவனின் உடலருகே கதைநாயகி டோஸ்கா மெழுகுவத்திகளை வைத்து, அவன் மார்பில் சிலுவையைக் கிடத்திவிட்டு வெளியேற வேண்டும். இந்த ஓபராவின் இசையமைப்பாளர் புச்சினியின் இசை அந்த ஒவ்வொரு அசைவையும் பின்தொடர்ந்து எழுதப்பட்டது. போண்டியின் டோஸ்காவோ மெழுகுவத்தியைத் தொடவேயில்லை. சாய்விருக்கையில் சரிந்து விசிறிக்கொண்டிருந்தார். இசை ஒன்றைச் சொல்ல, மேடை வேறொன்றைக் காட்டியது. இயக்குநர் வணங்க வந்தபோது அரங்கம் கூச்சலிட்டது. வணங்க வந்தவரை நோக்கிக் கூச்சலிடுவது எனக்கு உவப்பானதன்று. எனினும் அந்தக் கோபம் அறியாமையில் பிறந்ததில்லை. இன்ன இடத்தில் இன்ன சுரத்துக்கு எந்த மெழுகுவத்தி வைக்கப்படும் என்பதை மனப்பாடமாக அறிந்தவர்களின் கோபம் அது. 2017இன் கடைசி நாளில் டேவிட் மெக்விகரின் புதிய ‘டோஸ்கா’ அதன் இடத்துக்கு வந்தது. ரோமாபுரியும் கூடவே திரும்பியது. பதில் வர எட்டாண்டுகள் ஆயின என்றாலும், வந்தது.

2012 மே மாதத்தில் நடந்தது இதைவிட முக்கியம் என்று கருதுகிறேன். மெட்ரோபாலிட்டன் ஓபராவின் ஆதரவுச் சங்கம் வெளியிட்ட ‘ஓபரா நியூஸ்’ இதழில், அந்த அரங்கின் நிகழ்ச்சிகளைப் பற்றிய கடுமையான விமர்சனங்களும் வந்துகொண்டிருந்தன. இனி அந்த இதழ் மெட்ரோபாலிட்டன் நிகழ்ச்சிகளை விமர்சிக்காது என்ற முடிவு வெளியானது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுநாளே முடிவு கைவிடப்பட்டது. ரசிகர்களின் எதிர்வினையே காரணம் என்று நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. முதல் முடிவு தவறானது. அதை ஒரே நாளில் திரும்பப் பெற்றதை நான் பாராட்டவே செய்வேன். தன் பெயரைக் காப்பதைவிட ரசிகரின் நம்பிக்கையைக் காப்பது பெரிது என்று ஒரு நிர்வாகம் உணர்வதற்கு, அந்த ரசிகர்கள் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் உண்டு. வேறோர் அரங்கில் புதிய தலைவர் நடத்திய ரசிகர் சந்திப்புக்குப் போயிருந்தேன். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணியாளர் ஒருவர் ஓரமாக நின்று அவற்றைப் பிரித்தார். இனிமையானவை மேசைக்குப் போயின, மற்றவை அவர் கையிலேயே தங்கிவிட்டன. நுழைவுச்சீட்டு விலையைப் பற்றியும், மேல்மாடத்துக்கு மின்தூக்கி இல்லாததால் வருவதை நிறுத்திவிட்ட முதியவர்களைப் பற்றியும் என் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதியதை நான் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட வாசிக்கப்படவில்லை.

அந்தப் பிரிக்கும் வேலையைத் தலைவர்கள் எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. அரங்குக்கு வந்திருப்பவர்களைவிட, சந்தாவைப் புதுப்பிக்காமல் நின்றுவிட்டவர்களிடம் முதலில் பேசுங்கள். இடைவேளையில் புரவலர்களின் அறையைத் தவிர்த்து, மலிவான இருக்கைகளுக்குப் போகும் படிக்கட்டில் சற்று நில்லுங்கள். அங்கே கேட்டவற்றில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்பதை அடுத்த பருவத்தின் நிகழ்ச்சி நிரலோடு சேர்த்து அச்சிட்டு எங்களுக்குத் தாருங்கள்.