பழைய 400 எம்எம் லென்ஸ் தேடிய நாட்கள்

ஜனவரி 6

கையில் இருக்கும் 250 எம்எம் கேமரா லென்ஸ் பறவைகளுக்குப் போதவே இல்லை. இன்று மரக்கிளையில் இருந்த மீன்கொத்தியை எடுத்தேன். வெட்டிப் பெரிதாக்கியதும் இறகின் வரிகள் எல்லாம் கரைந்துபோயின. புது லென்ஸ் விலைக்கு வழியில்லை, பழையதுதான். மனதில் இருப்பவை இரண்டு. கேனான் 100-400 ஜூம் லென்ஸின் முதல் பதிப்பு, 1998-ல் வந்தது. இன்னொன்று ஜூம் இல்லாத கேனான் 400 எஃப்/5.6 எல், 1993-ல் வந்தது. எஃப் எண் என்பது ஒளி நுழையும் துவாரத்தின் அளவு, எல் என்பது கேனானின் உயர்தர வரிசை.

ஜனவரி 9

400 என்று முடிவு செய்துவிட்டேன். அதில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. பழையதாக வாங்கும்போது எனக்கு அது நிறையாகவே படுகிறது. பழுதாக ஒரு பொருள் குறைவு. ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், சிறகடிப்பை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு எப்படியும் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல் வேண்டும். எடை ஒன்றேகால் கிலோ, கையிலேயே பிடிக்கலாம். 1.6 கிராப் கேமராவில், அதாவது சென்சார் சிறியதாக இருக்கும் கேமராவில், 640 எம்எம் அளவுக்கு நெருக்கம் கிடைக்கும். உண்மையான குறை வேறு: 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. தும்பி, பட்டாம்பூச்சி எடுப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

ஜனவரி 14

ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. பின்பக்க மூடியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பார்த்தேன். உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. "படத்துல தெரியாதுங்க" என்றார் விற்பவர். ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம். ஆனால் எதிர் வெளிச்சத்தில் படம் வெளுக்கும். அதைவிட முக்கியம், பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். சுத்தம் செய்தாலும் அரித்தது அரித்ததுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 22

வாங்கியாயிற்று! ட்ரைபாடில் மாட்டும் காலர் வளையத்தின் பக்கம் பெயின்ட் தேய்ந்திருக்கிறது, உள்ளே நாலைந்து தூசி. இரண்டையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, படத்தை அவை தொடாது. கேமராவில் பொருந்தும் மவுண்ட் வளையத்தின் திருகுகளின் தலையை உற்றுப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய தடம் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் தடம் இல்லை. எஃப்/11 வைத்து, துவாரத்தை முன்கூட்டியே மூடிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனைக் கேமராவில் அழுத்திக்கொண்டு முன்னாலிருந்து பார்த்தேன். துவாரத்தின் இதழ்கள் சட்டென்று மூடின, எண்ணெய்ப் பசை இல்லை. அப்புறம் ட்ரைபாடில் மாட்டி, செங்கல் சுவருக்கு நேராக வைத்து எஃப்/5.6-ல் எடுத்தேன். இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே கூர்மை. கீழே விழுந்து கண்ணாடி நகர்ந்த லென்ஸ் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். எத்தனை பேர் தேவையில்லை என்று சொன்னாலும் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

ஜனவரி 25

ஃபோகஸ் சுவிட்சை 8.5 மீட்டருக்கு அப்பால் என்று வைத்ததும் லென்ஸ் கிட்டத்தில் தேடி அலைவதை விட்டது. பறந்து வந்த கொக்கை 1/1600-ல் பிடித்தேன். சிறகின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக! மாலை வெளிச்சம் குறைந்ததும் சிரமம்தான், சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200-க்கு ஏறியது. உட்கார்ந்த பறவைகளுக்கு மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி வேண்டும். ஃபோகஸ் ஒரு மயிரிழை பின்னால் விழுகிற மாதிரி ஒரு சந்தேகம். நாளை கேமராவில் ஃபோகஸை நுணுக்கமாகத் திருத்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் சரிபார்க்க வேண்டும்.