ஔவை என்னும் பெயருக்குரியவர்கள்: ஆடி மாத நாட்குறிப்பு

14 ஜூலை 2024, ஞாயிறு

புறநானூற்றின் 89ஆம் பாட்டை இன்று காலை மறுபடியும் வாசித்தேன். உங்கள் நாட்டில் போரிட வல்லவர் எவரேனும் உண்டோ என்று பகையரசன் ஒருவன் ஒரு பெண்ணிடம் ஓயாமல் கேட்கிறான். ‘மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி’ என்பது அவன் அவளை அழைக்கும் விளி; விறலி என்றால் ஆடிப் பாடும் கலைஞர் குலப் பெண். கோல்கொண்டு அடித்தாலும் அஞ்சாத பாம்பைப் போன்ற மள்ளர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், அதுவுமன்றி, பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமைப் பறையின் மீது காற்று மோதி ஒலி எழுந்தால்கூட ‘அது போர்’ என்று எழும் தலைவனும் இருக்கிறான் என்று, மை தீட்டிய கண்களை உடைய அந்த இளம்பெண் விடை சொல்கிறாள். பாட்டின் அடியில் ஔவையார் என்ற பெயர் இருக்கிறது.

நம் மனத்திலோ அந்தப் பெயரைக் கேட்டவுடன் நரைத்த தலையும் நெற்றி நிறையத் திருநீறும் கையில் தடியுமாக ஒரு பாட்டி வந்து நின்றுவிடுகிறார். சங்கப் புலவர் ஒருவர், நீதிநூல்கள் இயற்றியவர் ஒருவர், யோக நூல் பாடியவர் ஒருவர், கதைகளில் மட்டும் வாழ்பவர் ஒருவர் என்று பல காலத்துப் பெண்கள் ஒரே உருவத்துக்குள் புகுந்துவிட்டார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. இந்த ஆடி மாதத்தில் அதை எழுதியே பார்த்துவிடலாம் என்று தொடங்குகிறேன்.

17 ஜூலை, புதன்

விறலியின் வாயிலாகப் புலவர் பேசுவது மரபு. அதைக்கொண்டு புலவரே விறலி என்று முடிவு கட்டக் கூடாது என்று சொல்வோர் உண்டு. நியாயமான மறுப்புத்தான். ஆனால் 206ஆம் பாட்டில் வேறு எவருடைய குரலும் இல்லை. பரிசில் தராமல் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி காலம் தாழ்த்துகிறான். ஔவையாருக்குச் சினம் மூளுகிறது. ‘வாயிலோயே வாயிலோயே’ என்று காவலனை அழைத்து, உன் தலைவன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று கேட்டுவிட்டு, ‘காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை’ என்று புறப்பட்டுவிடுகிறார். இசைக்கருவிகளைக் காவடியாகத் தோளில் ஏற்றியாயிற்று, கருவிப் பையையும் கட்டியாயிற்று. கோடாலி ஏந்திய தச்சனின் கைவல் சிறுவர்களுக்குக் காடு எப்படியோ, அப்படித்தான் கலைஞருக்கு உலகம். ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’. தன் தொழிலின் மீது இத்தனை நம்பிக்கையோடு, சுமையைத் தானே தூக்கிக்கொண்டு கிளம்பும் இந்தப் பெண்ணை நம் பிள்ளைகள் எவரும் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

18 ஜூலை, வியாழன்

அதியமான் நெடுமான் அஞ்சி கதைமாந்தன் அல்லன். திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்கிறது; சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். அசோகரின் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்ட நாள் கேள்விக்கும் அந்த ஒற்றை வரியே விடை தந்தது. தகடூரை ஆண்ட அந்த மன்னன் கையால் நெல்லிக்கனி பெற்றதை 91ஆம் பாட்டு சொல்கிறது. ஆக, பாடப்பட்டவன் பெயர் கல்லில் இருக்கிறது. பாடியவருக்கு ஏட்டில் 59 பாட்டுகள் இருக்கின்றன.

20 ஜூலை, சனி

அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டுக்காக ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கலாம். கள் சிறிதளவே கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் யாம் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். எலும்போடு கூடிய இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எமக்குத் தருவான். அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தான் நிற்பான். ‘நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே’ என்ற அடியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். மணக்கும் கையால் புலால் மணக்கும் என் தலையைத் தடவுவான், இனி அது இல்லை என்கிறார். தன் தலையில் வீசும் மணத்தை மறைக்காமல் சொல்லி அழும் இந்தக் குரலுக்கு நிகராக வேறொரு கையறுநிலையை, இறந்தவரை எண்ணி வருந்தும் பாட்டை, என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்குப் பக்கத்தில் கொன்றை வேந்தனை வைத்துப் பார்த்தேன். ‘நோன்பு என்பது கொன்று தின்னாமை’ என்கிறது. ‘புலையும் கொலையும் களவும் தவிர்’ என்கிறது. அதுவும் ஔவையார் வாக்குத்தான். ஒருவரே முதுமையில் மனம் மாறியிருக்கலாமே என்று கேட்டால், மொழியும் யாப்பும் வழிபாடும் எல்லாம் சேர்ந்து மாறியிருப்பதற்கு என்ன விடை?

23 ஜூலை, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். எங்கள் நாஞ்சில் நாட்டில் ஔவையார் நோன்புக்குரிய நாள். ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்று பெரியவர்கள் சொல்வது போல, இம்மூன்று மாதச் செவ்வாய்களில் ஒன்றிலாவது பெண்கள் கூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சிதான் முன்னின்று நடத்தினார்கள். பச்சரிசியை இடித்துச் சலித்த மாவில் உப்பு சேர்க்காமல் பிசைந்து, விதவிதமான உருவங்களில் பிடித்து ஆவியில் வேக வைத்தோம். வீட்டு ஆண்கள் பார்க்கவும் கூடாது, கொழுக்கட்டையில் ஒரு துண்டு தின்னவும் கூடாது. கைப்பிள்ளையானாலும் ஆண் என்றால் வெளியேதான். அதன்பின் ஆச்சி ஔவையார் கதையைச் சொன்னார்கள். அதைப் பெண்கள் கூட்டத்துக்கு வெளியே சொல்லும் வழக்கமில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

இந்த ஔவை புலவரே அல்லர். தோவாளைப் பக்கத்துக் கோயிலில் இருப்பவரும் ஔவையாரம்மன் என்னும் தெய்வம். ஏட்டில் உள்ள எவரோடும் இவரைப் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை; பெண்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட தாய் இவர்.

26 ஜூலை, வெள்ளி

நீதிநூல்கள் பாடிய ஔவையாரின் நல்வழியில் இறுதி வெண்பா, தன் காலத்தைத் தானே காட்டிக் கொடுக்கிறது. ‘தேவர் குறளும் திருநான் மறைமுடிவும் மூவர் தமிழும் முனிமொழியும் கோவை திருவாசகமும் திருமூலர் சொல்லும் ஒருவாசகம் என்று உணர்.’ அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரின் தேவாரமும் மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும் பெயர்பெற்று நிலைத்த பின்னரே இப்படி ஒரு வரிசையை எழுத முடியும். அதியமானோடு கள் அருந்தியவர் இதை எழுதியிருக்க வழியே இல்லை. கம்பரும் ஒட்டக்கூத்தரும் வாழ்ந்த சோழர் காலத்தில் கதைகள் இந்த ஔவையாரை வைக்கின்றன.

இவரைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அகர வரிசையிலேயே அறத்தைச் சொல்லலாம் என்று கண்டு ஆத்திசூடி செய்தவர் பேரறிவு படைத்தவர். பாரதியார் தமது புதிய ஆத்திசூடிக்கு அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார். விநாயகர் அகவலையும் 310 குறள்களைக் கொண்ட ஔவை குறளையும் பாடியவர் இவரே என்பாரும், அவை யோகநெறி நின்ற இன்னோர் ஔவையாருடையவை என்பாரும் உளர். நூல்களின் போக்கைப் பார்க்கையில் எனக்கு இரண்டாவது கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

30 ஜூலை, செவ்வாய்

பெயர் ஒன்றானதால் ஒருவர் செயல் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுகிறது. பாரி மறைந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணந்துகொள்ளுமாறு கேட்டவர் கபிலர். அந்தப் பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. பிற்காலக் கதையிலோ அங்கவை, சங்கவை என்று அவர்களுக்குப் பெயரிட்டு, திருக்கோவலூரில் திருமணம் நடத்தி வைப்பவர் ஔவையார். நண்பனின் மக்களுக்காக அரண்மனை வாயில்களில் நின்ற கபிலரின் துயரம் அந்தக் கதையில் காணாமல் போய்விடுகிறது.

மணம் வேண்டாத இளம்பெண் ஒருத்தி பிள்ளையாரை வேண்டி முதுமை பெற்றாள் என்னும் கதையும் அப்படிப்பட்டதே. ஔவை ஒரு காலத்தில் இளமையாக இருந்தார் என்ற நினைவு எங்கோ ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் இப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

மற்றவர்களையும் சுருக்கமாகக் குறித்து வைக்கிறேன். நாடக மேடையில் ஔவையாராக நடித்த டி. கே. சண்முகம் ‘ஔவை சண்முகம்’ ஆனார். சென்னையின் லாயிட்ஸ் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஔவையாரானார், பாட்டி உருவம் அதன்பின் அசைக்க முடியாததாகிவிட்டது. ஔவையார்குப்பம் என்ற ஊரில் பிறந்ததால் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை அந்தப் பெயரைத் தாங்கினார். அவரே புறநானூறு முழுமைக்கும் உரை எழுதினார் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. இவ்வளவு பேர் சேர்ந்தும் முதல் ஔவையாரின் முகம் மட்டும் மறைந்தே இருக்கிறது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லித் தருகிறேன். ஆத்திசூடி அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்த வாரம் பெரிய பிள்ளைகளுக்குக் குறுந்தொகை 28ஆம் பாட்டை எழுதிக் கொடுக்கப் போகிறேன். ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று தொடங்குவது. தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரை, ஆ ஓ என்று கத்தி எழுப்பிவிடலாமா என்று ஒரு பெண் கேட்பது. பாடியவர் பெயரை முதலில் சொல்ல மாட்டேன். படித்து முடித்து, இதைப் பாடியவருக்கு என்ன வயது இருக்கும் என்று அவர்கள் ஆளுக்கொரு எண் சொன்ன பிறகு சொல்வேன்.