வெயில் தின்ற போஸ்டரும் அம்பேத்கர் கோட்டும்

சலூன் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிற பழைய ஹேர்ஸ்டைல் போஸ்டரைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் இருக்கிற அத்தனை பேரும் நீலமாகத்தான் இருப்பார்கள். முகம் நீலம், உதடு நீலம், பின்னால் நிற்கிற கார் நீலம். சேலத்து வெயிலுக்கு இது சீக்கிரமே நடந்துவிடும். நான்கு கலர் அச்சில் மஞ்சளும் மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) வெயில் தாங்காத மைகள், கறுப்பும் சியானும் (பச்சை கலந்த நீலம்) தாங்கும், அவ்வளவுதான் விஷயம். சியான் மையில் இருப்பது தாலோசயனின் நீலம். 1928ல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வேறு எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தபோது, பாத்திரத்தின் கண்ணாடிப் பூச்சு விரிசல் விட்டு உள்ளே இருந்த இரும்பு கலந்துபோய், கேட்காமலே வந்து சேர்ந்த நிறம். அப்புறம் இரும்புக்குப் பதில் செம்பைப் போட்டுப் பார்த்து 1935 வாக்கில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இன்றைக்கு நம் ஊரில் அடிக்கிற போஸ்டர், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது.

நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். அதனால் யாராவது "நீலம்" என்றால் எனக்கு முதலில் சியான் தட்டுதான் ஞாபகம் வரும், வானமோ கடலோ இல்லை. இந்த வேலையில் இருந்து நான் புரிந்துகொண்டது: ஒரு படத்தில் நீலம் இருந்தால், அது என்ன அர்த்தத்தில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதை அங்கே போட்டது யார், எந்தச் சாயத்தைக் கொண்டு போட்டார்கள் என்று கேட்பது நல்லது. பாதி அர்த்தம் அங்கேயே கிடைத்துவிடும்.

சோகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்களுக்கு நீலம் என்றால் மனசு சரியில்லை. நண்பன் தற்கொலை செய்துகொண்ட பிறகு பிக்காசோ 1901ல் இருந்து 1904 வரை பிச்சைக்காரர்களையும் கிழவர்களையும் நீலத்திலேயே வரைந்து தள்ளினார், அதற்கு 'நீலக் காலம்' என்றே பெயர். நம்மிடம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வருகிறவர்கள் ஒருவர்கூட "நீலத்துல போடுங்கண்ணா" என்று கேட்டதில்லை. கறுப்பு வெள்ளை, மூலையில் ஒரு விளக்கு, முடிந்தது. நீலத்தை ஏற்றச் சொல்லிக் கேட்பது கிருஷ்ண ஜெயந்திக்குத்தான்.

கிருஷ்ணர் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. நம் பாட்டுகளில் அவர் கறுப்பு. மாயோன், கார்மேக வண்ணன். பாரதிக்கு நந்தலாலாவின் நிறம் காக்கைச் சிறகில் தெரிகிறது. கம்பன் ராமனுக்கு "மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ" என்று அடுக்கிக்கொண்டே போய், எதுவும் சரிப்படாமல் "ஐயோ" என்று விட்டுவிடுகிறான். கோயிலில் மூலவர் கருங்கல், அதன் மேல் எண்ணெய்க் காப்பு. ஆனால் வீட்டுச் சுவரில் தொங்குகிறவர் மட்டும் வெளிர்நீலம். வடக்கே ராஜஸ்தான், பஹாடி சிற்றோவியங்களில் பல நூற்றாண்டுகளாகவே நீலமாகத்தான் வரைந்திருக்கிறார்கள். அதைத் தெருத்தெருவாகக் கொண்டுவந்து சேர்த்தது அச்சு. ரவிவர்மா 1894ல் தொடங்கிய அச்சகம், அப்புறம் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு, சிவகாசி காலண்டர்கள். என் தொழில் கண்ணுக்கு இதில் ஒரு நடைமுறைக் காரணமும் தெரிகிறது. கறுப்பு முகத்தை மட்டமான தாளில் அச்சடித்தால் கண்ணும் மூக்கும் ஒன்றாக அப்பிக்கொள்ளும். வெளிர்நீலத்தில் சிரிப்பு தெரியும், கன்னத்தில் நிழல் விழும். "கறுப்பாப் போட்டா வீட்ல எடுத்துக்க மாட்டாங்க" என்கிற இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 1957ல் வந்த மாயாபஜார் கறுப்பு வெள்ளை. கிருஷ்ணராக வந்த என்.டி.ஆர் முகம் திரையில் சாம்பல் நிறம்தான், பார்த்தவர்கள் நீலத்தை மனசுக்குள் போட்டுக்கொண்டார்கள். 2010ல் அதே படத்துக்குக் கலர் ஏற்றி வெளியிட்டபோது நிஜமாகவே நீலம் பூசிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையானது. மாதா படங்களில் அங்கி நீலமாக இருப்பதற்குப் பக்தி ஒரு காரணம், பணம் இன்னொரு காரணம். ஆப்கானிஸ்தானத்தில் பதக்‌ஷான் மலையில் வெட்டி எடுத்த கல்லை அரைத்து எடுக்கிற நீலம் அது, தங்கத்தோடு வைத்து எண்ணிய சரக்கு. எவ்வளவு நல்ல நீலம் போட வேண்டும் என்று ஓவியரோடு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்களாம். 1828ல் கீமே என்கிற பிரெஞ்சுக்காரர் அதே நீலத்தைக் களிமண், சோடா, கந்தகம் எல்லாம் போட்டுச் சூளையில் சுட்டு எடுத்துவிட்டார். விலை அதலபாதாளத்துக்குப் போனது. அப்புறம் அது எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? எங்கள் பெரியம்மா வேட்டி அலசுகிற பக்கெட்டுக்கு. துணியில் முடிந்து தண்ணீரில் ஆட்டுவார்களே, அந்த நீலப்பொடி. இப்போது வருகிற சொட்டு நீலம் வேறு சாயம், ஆனால் பழைய பொடி சாட்சாத் மாதா அங்கியில் இருந்த அதே பொருள்தான். பெரியம்மா நீலம் போட்டால் வேட்டி திட்டுத் திட்டாகத்தான் வரும், பெரியப்பா அதைக் கட்டிக்கொண்டே கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் போய் வருவார்.

அவுரிச் செடியில் இருந்து எடுக்கிற நீலச் சாயத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே இரண்டு வரி போதும். வங்காளத்தில் 1859ல் விவசாயிகள் இனி அவுரி போட மாட்டோம் என்று கிளம்பினார்கள், 1917ல் காந்தி சம்பாரண் போனதும் அதே செடிக்காகத்தான். இதற்கு நடுவில் 1897லேயே ஜெர்மன்காரர்கள் செயற்கை அவுரியைச் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். இன்றைக்கு நாம் போடுகிற ஜீன்ஸில் இருப்பது பெரும்பாலும் அதுதான். திண்டிவனம் பக்கம் இன்னமும் நிஜ அவுரி போடுகிறார்கள்.

ப்ளூ பிரிண்ட் என்று சும்மா சொல்கிறோம், அது எப்படி நீலமாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தது ஏற்காட்டில். அக்கா மகள் கல்லூரி ப்ராஜெக்டுக்காக இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் தடவி, இருட்டு அறையில் காயவைத்து எடுத்து வந்திருந்தாள். 1842ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. மறு வருஷமே ஆன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை இப்படி நீலத்தில் பதித்துப் புத்தகமாகவே கொண்டுவர ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஒரு காப்பித் தோட்டத்து வேலியோரம் பிடுங்கிய பெரணி இலையைத் தாள் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, பாறை மேல் போட்டோம். மஞ்சளும் பச்சையுமாக இருந்த தாள் மெதுவாகச் சாம்பல் பிடித்து, கடைசியில் பாத்திரத்தில் அடிப்பிடித்த மாதிரி ஆனது. நடுவில் மேகம் இறங்கிவிட்டது, ஏற்காட்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும். "மாமா, கையை வச்சிக்கிட்டு சும்மா இருங்க, நகத்தாதீங்க" என்று அவள் என்னைத்தான் அதட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் குழாயடியில் பிடித்தோம். மஞ்சள் தண்ணீர் வழிந்து ஓட ஓட அடியில் இருந்து நீலம் எழுந்து வந்தது. இலை இருந்த இடம் மட்டும் வெள்ளை, ஓரத்துப் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த நீலத்துக்கு எந்த உணர்ச்சியும் கிடையாது, அது வெறும் இரும்பு. ஆனால் நூறு வருஷம் இன்ஜினியர் வரைபடங்கள் எல்லாம் இந்த நிறத்தில் வந்ததால்தான், 'திட்டம்' என்றாலே அந்த நீலம் என்றாகிவிட்டது.

சினிமாவில் ராத்திரி என்றால் நீலம், இதுவும் அப்படித்தான் வந்தது. பேசாத படக் காலத்திலேயே ராத்திரிக் காட்சியின் ஃபிலிமை நீலச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள், தீ எரிந்தால் சிவப்பு. கலர் வந்த பிறகு பகலிலேயே எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து நீலம் ஏற்றி, ராத்திரி என்று சொல்லிவிடுவார்கள். கதாநாயகியின் நிழல் தரையில் பளிச்சென்று விழுந்திருக்கும், நாமும் நிலா வெளிச்சம் என்று நம்புவோம். நிஜ ராத்திரி ஒன்றும் நீலம் இல்லை, ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி லைட்டை அணைத்துப் பார்த்தால் தெரியும் (அணைக்காதீர்கள், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது). தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் எங்கள் ஊர்க்காரச் சரக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1956ல் கேவாகலர் ஃபிலிமில் எடுத்த அலிபாபாவும் 40 திருடர்களும். அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் ஏற்காடு ரோட்டில் நிற்கிறது.

'நீலப்படம்' பற்றியும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பவர்களுக்கு: அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இருந்து அப்படியே இறங்கியது, நம் ஊர்க் காலைக்காட்சி போஸ்டர்களில் நீலத்தைவிடச் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். மேலே போகலாம்.

எனக்கு இதெல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் படுவது அம்பேத்கர் கோட்டு. அவருடைய பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு வெள்ளை. கோட்டு என்ன நிறம் என்று அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆனால் சேலத்தில் இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறிப் போனாலும், கம்பிக் கூண்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற சிலைக்கு நீலக் கோட்டு. 1942ல் அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். வானத்துக்குக் கீழே எல்லாரும் சமம் என்பதால் நீலம் என்பார்கள், அவருக்குப் பிடித்த கோட்டு நிறம் என்பார்கள், ஆளுக்கொரு விளக்கம். எனக்கு விளக்கம் முக்கியமில்லை. ஒரு சாம்பல் நிறப் புகைப்படத்தை எடுத்து, எந்த ஓவியரும் அரசாங்கமும் சொல்லாமல், சேரி சேரியாக, சிலை சிலையாக ஜனங்கள் ஒரே நிறத்தைப் பூசியிருக்கிறார்கள். கடவுளுக்கு நீலம் பூச அச்சகம் தேவைப்பட்டது, மாதாவுக்குப் பூசப் பணக்காரர் தேவைப்பட்டார். இங்கே ஒரு டப்பா எனாமல் பெயிண்ட் போதுமானதாக இருந்தது.

அந்த நிறம் எவ்வளவு கனமானது என்று 2018ல் தெரிந்தது. உத்தரப்பிரதேசத்தில் படாயூன் மாவட்டத்தில் உடைக்கப்பட்ட ஒரு சிலைக்குப் பதிலாகப் புதிதாக வைத்ததில் கோட்டு காவியாக இருந்தது. ஒரே சத்தம். கடைசியில் நீலம் அடித்த பிறகுதான் அடங்கியது. அதே வருஷம் காலா படத்தின் கடைசிக் காட்சியில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று திரை முழுக்கப் பொடி பறந்தது. சேலத்துத் தியேட்டரில் என் பக்கத்து சீட்டில் இருந்தவர் ஹோலி கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார், பின் வரிசையில் எழுந்து நின்று விசில் அடித்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் அச்சகத்தில் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14க்கு வருகிற ஆர்டர்களில் மட்டும் ப்ரூஃப் பார்க்க ஐந்தாறு பேர் சேர்ந்தே வருவார்கள். முகத்தைவிடக் கோட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். "இது கத்திரிப்பூ மாதிரி அடிக்குதுண்ணா, மெஜந்தாவக் குறைங்க." சரியாகத்தான் சொல்வார்கள்.

இதைச் சொல்லும்போது அமெரிக்காவின் ப்ளூஸ் பாட்டு ஞாபகம் வராமல் போகாது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மிசிசிப்பிப் பக்கத்துப் பருத்திக்காட்டில் இருந்து கொண்டுவந்த பாட்டு. டபிள்யூ.சி.ஹேண்டி 1912ல் மெம்பிஸ் ப்ளூஸை அச்சிட்டு வெளியிட்டார், 1920ல் மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு விற்ற விற்பனையில் கம்பெனிகள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு வந்தன. அழுகைப் பாட்டு என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், பாதி நக்கல், பாதி காமம், ஆட வைக்கிற தாளம்.

அதில் ராபர்ட் ஜான்சன் என்று ஒருவர், 1936லும் 1937லும் பதிவு செய்த பாட்டுகளோடு சரி, 1938ல் 27 வயதில் இறந்துபோனார். அவருடைய புகைப்படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றில் வாயில் சிகரெட். 1994ல் அமெரிக்க அஞ்சல் துறை அதை வைத்துத் தபால்தலை போட்டபோது சிகரெட்டை எடுத்துவிட்டார்கள். அங்கே அரசாங்கம் படத்தில் இருந்ததை எடுத்தது, இங்கே ஜனங்கள் படத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள். இன்னொரு படத்தில் கோடு போட்ட கோட்டு, டை, தலையில் தொப்பி, மடியில் கிடார், காலில் பளபளவென்று ஷூ. பருத்திக்காட்டு ஆள் மாதிரியே தெரிய மாட்டார், அப்படித் தெரியக்கூடாது என்றுதான் ஸ்டுடியோவுக்கே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றும். 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற சாதி எதிர்ப்பு இசைக்குழு முதல் கச்சேரிக்கு மேடை ஏறியபோது கானா பாடுகிறவர்களும் பறை அடிக்கிறவர்களும் கோட்டு சூட்டில் வந்தார்கள். "இந்த வெக்கையில கோட்டு எதுக்கு?" என்று எங்கள் அச்சகத்தில் ஒருவர் கேட்டார். பேப்பர் ஏற்றிக்கொண்டிருந்த பையன் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னான்: "அவருக்கும் வெக்கையாத்தாண்ணா இருந்திருக்கும்."